ஆள் இறக்குவதும் அணி கட்டுவதும்

(வேப்பம்பட்டில் கால்பந்து ஆடும் இளைஞர்கள் ஒரு ஞாயிறு மாலை நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்தவர்கள் சிலர் இருக்கிறீர்கள். சட்டைப் பையில் தொங்கும் அடையாள அட்டையே சொல்கிறது. அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கூப்பிட்ட தம்பி, "கால்பந்தைப் பத்தி எதையாவது பேசுங்க சார்" என்றார். எதையாவது என்று விட்டால் நான் 1986 உலகக் கோப்பையில் ஆரம்பித்து விடிய விடியப் பேசுவேன். ஆகவே ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒரு கிளப் எந்த ஆளைச் சேர்க்கிறது, அந்த ஆளால் அணி எப்படி மாறுகிறது, ஆட்டம் எப்படி மாறுகிறது என்பதுதான் அது.

நம்ம ஊர்ப் பேச்சில் இதற்கு அழகான ஒரு சொல் இருக்கிறது: ஆள் இறக்குவது. "ஃபைனலுக்குப் பெரம்பூர்லேருந்து ரெண்டு ஆளு எறக்குறோம்டா" என்று சொல்லாத அணி இந்த ரயில் பாதையில் கிடையாது. நாங்களும் ஒரு முறை இறக்கினோம்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் செவன்ஸ் டோர்னமென்ட். அரையிறுதி வரை நாங்கள் சொந்தப் பையன்களோடுதான் போனோம். எங்கள் ஆட்டம் என்ன பெரிய ஆட்டம்? பின்னாலிருந்து தூக்கி அடிப்போம். இடது பக்கம் ஒல்லியாக ஒருத்தன் இருந்தான், காற்று மாதிரி ஓடுவான், அந்தப் பந்தை எப்படியாவது பிடித்து உள்ளே போடுவான், நடுவில் யாராவது காலை நீட்டுவோம். அவ்வளவுதான். அதை வைத்தே மூன்று ஆட்டம் ஜெயித்தோம். ஃபைனல் என்றதும் பயம் வந்துவிட்டது. பெரம்பூர்ப் பக்கத்திலிருந்து மூன்று பேரை இறக்கினோம். ரயில் சார்ஜ், மதியம் பிரியாணி, கையில் கொஞ்சம் பணம். மூவருமே எங்களைவிட நூறு மடங்கு நல்ல ஆட்டக்காரர்கள். அதில் சந்தேகமே இல்லை.

நடந்தது என்ன? வந்தவர்களில் ஒருவர் இடது பக்கம் ஆடுகிறவர். ஆகவே எங்கள் ஒல்லிப் பையனைப் பின்னால் தள்ளினோம். அவனுக்குப் பின்னால் நிற்கத் தெரியாது. இன்னொருவருக்குப் பந்து காலுக்கு வர வேண்டும், தலைக்கு மேல் வந்தால் பார்த்துக்கொண்டு நிற்பார். எங்களுக்குத் தூக்கி அடிக்க மட்டுமே தெரியும். அவர் கையை விரித்து எங்களைப் பார்ப்பார், நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம். பாதி நேரத்தில் யார் மேல் தப்பு என்று சண்டை. மூன்று கோல் வாங்கித் தோற்றோம். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த பெரியவர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், கத்தவே மாட்டார். ரயிலுக்குக் காத்திருக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "மூணு பேரை எறக்குனீங்க. ஏழு பேரையும் எறக்கி விட்டுட்டீங்க."

அந்த வார்த்தை எனக்குள் முப்பது வருடமாக இருக்கிறது. இன்று நான் பேசப்போவதெல்லாம் அதற்கு விளக்கவுரைதான்.

கோச் போர்டில் கோடு போட்டு, அம்புக்குறி போட்டு விளக்குவதைத்தான் நாம் டாக்டிக்ஸ் என்கிறோம். அது பிறகு வருகிற விஷயம். ஆளைச் சேர்த்த அன்றைக்கே ஆட்டம் பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. ஸ்டாப்பராக நீங்கள் எடுத்த ஆள் பந்து வந்தால் மைதானத்துக்கு வெளியே அடிக்கிறவரா, நிறுத்திப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கிறவரா? முதல் வகை ஆளை எடுத்துவிட்டு, பின்னாலிருந்து சின்னச் சின்ன பாஸாகக் கட்டி ஆடுங்கள் என்று கோச் தலைகீழாக நின்றாலும் நடக்காது. ஃபார்வர்டு உயரமாக, முதுகைக் கொடுத்துப் பந்தைத் தாங்குகிறவரா, இடைவெளிக்குள் ஓடுகிறவரா? முன்னவருக்குப் பக்கவாட்டிலிருந்து கிராஸ் போட ஆள் வேண்டும். பின்னவருக்கு நடுவிலிருந்து பந்தை இடைவெளியில் தள்ளிவிடத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஒரு ஆளைச் சேர்க்கும்போது அவருக்கு வேண்டிய இன்னொரு ஆளையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது. மருமகள் மட்டுமா வருகிறாள், கூடவே ஒரு சம்பந்தி வீடும் வருகிறதே, அது மாதிரி.

சரி, இதற்கு நம் மாநிலத்திலேயே இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்று ஐ-லீக்கில், இன்னொன்று ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக்கில்.

முதலாவது சென்னை சிட்டி எஃப்சி. பெயரில்தான் சென்னை, சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். 2017-இல் ஐ-லீக்குக்குள் வந்தார்கள். 2017-18 சீசனில் பத்து அணிகளில் எட்டாவது இடம். வெளிநாட்டு ஆட்கள் அப்போதும் இருந்தார்கள். அந்த அணியின் மிக நல்ல ஆட்டக்காரர் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மைக்கேல் சூசைராஜ். சீசன் முடிந்ததும் அவரை ஜாம்ஷெட்பூர் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எட்டாவது இடம், இருந்த நல்ல ஆளும் போயாயிற்று. அடுத்த வருடம் இவர்கள் சாம்பியன் ஆவார்கள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், வெயிலில் அலையாதே, மோர் குடி என்று சொல்லியிருப்பேன்.

2018-இல் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் என்ற கோச் வந்தார். ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களில் ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கொண்டுவந்தார்கள். பேரைச் சொன்னால் ஸ்பெயின்காரருக்கே தெரியாத ஆட்கள். யாரை எந்த இடத்துக்கு எடுத்தார்கள் என்று பாருங்கள். ரொபர்தோ எஸ்லவா பின்னால் நடுவில். சாண்ட்ரோ ரோட்ரிகஸ் அவருக்கு முன்னால் நடுக்களத்தில். அவருக்கு முன்னால் நெஸ்டர் கோர்டிலோ. எல்லோருக்கும் முன்னால் பெட்ரோ மான்சி. மைதானத்தை மேலிருந்து பார்த்தால் கோல் வாசலிலிருந்து கோல் வாசல் வரை நேராக ஒரு முதுகெலும்பு. நால்வருக்கும் ஒரே மொழி. அதைவிட முக்கியம், நால்வரும் ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களில் ஆடிப் பழகியவர்கள். ஒருவர் திரும்பினால் மற்றவர் எங்கே நிற்பார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை.

முதுகெலும்பை வைத்து மட்டும் நடக்க முடியுமா? கையும் காலும் வேண்டாமா? அதற்கு இருந்தவர்கள் நம் பையன்கள்: எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித்குமார் காமராஜ், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ். பெரும்பாலும் பக்கவாட்டில் ஓடுகிறவர்கள். நடுவில் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆள் இருந்ததால் பக்கத்தில் இவர்கள் துணிந்து ஓட முடிந்தது. ஓடின இடத்துக்குப் பந்து வந்தது. ஓடியும் பந்து வராமல் நாலு முறை ஏமாந்தவன் ஐந்தாவது முறை ஓடமாட்டான். நீங்களே ஆடுகிறவர்கள், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2019 மார்ச் 9. லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. கோயம்புத்தூரில் எதிரே நிற்பது அதற்கு முந்தைய வருடச் சாம்பியன் மினர்வா பஞ்சாப். மூன்றாவது நிமிடமே மினர்வா கோல் போட்டுவிட்டது. பாதி நேரம் வரை அதே 0-1. அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பிறகு டிஃபெண்டர் கௌரவ் போரா ஒன்று, கடைசி நிமிடங்களில் அவரே இன்னொன்று. 3-1. ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. கணக்கு 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளி. அந்த சீசனில் மான்சி 21 கோல், லீக்கிலேயே முதலிடத்தைச் சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவோடு பங்கிட்டுக்கொண்டார். ஆனால் பட்டத்தை வாங்கிக்கொடுத்த நாளில் இரண்டு கோல் அடித்தவர் ஒரு டிஃபெண்டர். எனக்கு அதுதான் பிடித்தது.

இதில் ஒரு விஷயத்தை நான் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச வேண்டும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்பில் நான் சில வருடம் வேலை பார்த்தேன். பெரிய தகடு என்றால் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கி டையின் மேல் வைக்க வேண்டும். வைக்கும்போது யார் முதலில் கையை எடுப்பது? யாரும் "விட்டுட்டேன்" என்று சொல்வதில்லை. இரைச்சலில் சொன்னாலும் கேட்காது. எதிர் முனையில் பாரம் லேசாகக் குறைவதைக் கை உணர்ந்துகொள்ளும். அந்த லேசான குறைவை வைத்து நம் கையும் விடும். என்னோடு ஒருவர் இரண்டு வருடம் அந்த எதிர் முனையில் நின்றார். ஒரு தகடும் கோணியதில்லை. அவர் வேறு ஷிப்டுக்கு மாறினார், அவர் இடத்துக்குக் கான்ட்ராக்டில் ஒரு பையன் வந்தான். என்னைவிட பலசாலி, சுறுசுறுப்பு. முதல் நாளே தகடு கோணி விழுந்தது, என் கட்டை விரல் நகம் போயிற்று. பையன் மேல் தப்பில்லை. என் மேலும் தப்பில்லை. இரண்டு கைக்கும் பழக்கமில்லை. பதினைந்து நாள் ஆயிற்று பழகுவதற்கு.

பாஸ் என்பது அந்தத் தகடுதான். சைடு பேக்கும் விங்கரும், ஸ்டாப்பர் இருவரும், ஹாஃபும் ஃபார்வர்டும், இந்த இரண்டு இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற பழக்கம்தான் அணி. பதினோரு பேர் என்பது கணக்குக்கு. உண்மையில் இருப்பது ஜோடிகள். ஒரு ஆளை மாற்றினால் ஒரு ஆள் மட்டும் மாறுவதில்லை. அவரைச் சுற்றி நாலைந்து ஜோடி பிரிகிறது. இரண்டு ஆளை மாற்றினால் எட்டுப் பத்து ஜோடி. ஐந்து ஆளை மாற்றிவிட்டு, போன வருடம் நல்லாத்தானே ஆடினோம் என்று கேட்பது, தறி, பாவு, ஊடு எல்லாவற்றையும் மாற்றிவிட்டு அதே சேலை ஏன் வரவில்லை என்று கேட்பது போல.

சென்னை சிட்டிக்கு நடந்தது அதுதான். சாம்பியன் ஆன அதே வருடத்தில் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. இனி நமக்கும் ஐரோப்பாவுக்கும் பாலம் போட்டாயிற்று என்று பேசிக்கொண்டோம். ஆனால் நெஸ்டர் ஹைதராபாத் எஃப்சிக்குப் போனார். எட்வின் சென்னையின் எஃப்சிக்குப் போனார். 2020 தொடக்கத்தில் மான்சி ஜப்பானுக்கு. பிறகு ரொமாரியோ கோவாவுக்கு, அஜித்குமார் பெங்களூருக்கு. கோச் நவாஸும் போனார். போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல சம்பளம், பெரிய லீக், ஆட்டக்காரனின் கால் எத்தனை வருடம் ஓடும்? குறை சொல்ல வேண்டியது, ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆளை வைத்துக்கொண்டு நூறாண்டுக் கனவு காணும் வழக்கத்தை. 2020-21 சீசனுக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடவே இல்லை. பட்டம் வாங்கி இரண்டே வருடம்.

இப்போது சென்னையின் எஃப்சி. இவர்களுடைய கதை வேறு மாதிரி. என் வாதத்துக்கே கொஞ்சம் தொல்லை கொடுக்கிற கதை, அதனால் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது.

2014-இல் ஐஎஸ்எல் தொடங்கியபோது சென்னையின் அணியில் மார்கோ மாடெராஸி கோச்சும் ஆட்டக்காரரும். எலானோ, சில்வெஸ்டர், கடைசியில் நெஸ்டா. நான் இங்கிருந்து ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தே போனேன். டிவியில் பார்த்த முகங்களை நேரில் பார்க்கிற சந்தோஷம் பெரியதுதான். லீக்கில் முதலிடம் வந்தார்கள், அரையிறுதியில் கேரளாவிடம் போனார்கள். அன்றைய சீசன் இரண்டரை மாதம்தான். இரண்டரை மாதத்தில் என்ன ஜோடி சேரும்? பேர் வாங்கிய ஆட்களின் தனித் திறமையில் ஓடிய வண்டி அது.

2015-இல் பட்டம். அந்த வருடம் பட்டியலின் அடியில் கிடந்து, கடைசி நாலு ஆட்டத்தையும் ஜெயித்து மேலே வந்தார்கள். டிசம்பர் வெள்ளத்தில் நாம் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தபோது, சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போனது ஞாபகமிருக்கும். அங்கே ஜெயித்து, கோவாவை இறுதியில் 3-2 என்று மடக்கினார்கள். மெண்டோசாவுக்கு 13 கோல்.

பிறகு 2018 மார்ச் 17, பெங்களூரில், பெங்களூர் எஃப்சிக்கு எதிராக இறுதி ஆட்டம். ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி போட்டுவிட்டார். கோச் ஜான் கிரிகோரியின் சென்னையின் எஃப்சி திருப்பி அடித்தது எப்படி? கார்னர். மைல்சன் ஆல்வெஸ் என்ற உயரமான பிரேசில் ஸ்டாப்பர் தலையால் இரண்டு. மூன்றாவது ரஃபேல் அகஸ்டோ. 3-2. பெங்களூர் அன்றைக்குச் சிறந்த அணி, அதை எதிர்த்து ஓடி ஜெயிப்பது கடினம். ஆனால் பின்னால் உயரமான, தலையால் ஆடத் தெரிந்த ஆளை எடுத்து வைத்திருந்தால் கார்னர் என்பது பாதி கோல். ஆளைச் சேர்க்கும்போதே ஆட்டம் முடிவாகிறது என்று சொன்னேனே, இதுதான். அந்த இறுதி ஆட்டத்தில் நடுக்களத்தில் வியாசர்பாடி தனபால் கணேஷ் ஆடினார். அதைச் சொல்லாமல் போனால் நம் ரயில் பாதை என்னை மன்னிக்காது.

அடுத்த சீசன் 2018-19. கோச் அதே கிரிகோரி. 18 ஆட்டத்தில் 9 புள்ளி, கடைசி இடம். இரண்டே வெற்றி. தற்காப்பில் சில முகங்கள் மாறின. தனபால் கணேஷுக்கு முழங்காலில் காயம். முந்தைய சீசனில் 9 கோல் போட்ட ஜெஜெ லால்பெக்லுவா ஒரே ஒரு கோல். மேலிருந்து பார்த்தால் பெரிய மாற்றம் எதுவுமில்லை. ஆனால் நான் சொன்ன ஜோடிகளை எண்ணிப் பாருங்கள். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று, எல்லாம் அறுந்திருக்கிறது.

எனக்குத் தொல்லை கொடுப்பது 2019-20. கிரிகோரி முதல் ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி எடுத்துவிட்டு விலகினார். ஓவன் கோய்ல் வந்தார். ஆட்கள் அதே ஆட்கள். கிரிவெல்லாரோ, வால்ஸ்கிஸ், சாங்டே, தாப்பா. அதே ஆட்களை வைத்து 29 புள்ளியோடு நாலாம் இடம், அரையிறுதியில் கோவா, பிறகு இறுதி ஆட்டம். ஆள் சேர்ப்புதான் எல்லாம் என்றால் இது எப்படி நடந்தது?

நான் இதைப் பல நாள் யோசித்தேன். எனக்குக் கிடைத்த பதில் இது. ஆட்களைச் சரியாகத்தான் எடுத்திருந்தார்கள், அவர்களுக்குப் பொருந்தாத ஆட்டத்தை ஆடச் சொல்லியிருந்தார்கள். வந்தவர் அந்த ஆட்களுக்கு ஏற்ற ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். பந்தை இடைவெளியில் தள்ளிவிடத் தெரிந்த கிரிவெல்லாரோ, அதை எங்கே வாங்க வேண்டும் என்று தெரிந்த வால்ஸ்கிஸ். வால்ஸ்கிஸுக்கு 15 கோல், தங்கக் காலணி. ஆக, கோச்சுக்கும் ஒரு வேலை இருக்கிறது, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். சமையல்காரர் முக்கியம்தான். ஆனால் மளிகை சரியாக இருந்ததால்தான் சமையல் எடுபட்டது.

2020 மார்ச் 14. கொரோனா பயத்தில் ஆளில்லாத ஸ்டேடியத்தில் இறுதி ஆட்டம், ஏடிகே 3-1 என்று ஜெயித்தது. அந்த ஏடிகே அணியில் இருந்தவர் யார் தெரியுமா? சென்னை சிட்டியிலிருந்து ஜாம்ஷெட்பூர் போய், அங்கிருந்து கொல்கத்தா போன நம் சூசைராஜ். ஆளை விட்டால் அவர் எந்த வாசலில் வந்து நிற்பார் என்று சொல்ல முடியாது.

மறுபடி என்ன செய்தார்கள்? கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் கூடவே ஜாம்ஷெட்பூர். சபா லாஸ்லோ என்ற புதிய கோச். சீசன் நடுவில் கிரிவெல்லாரோவுக்குக் காயம். முந்தைய வருடம் லீக்கில் 18 ஆட்டத்தில் 32 கோல் அடித்த அணி, இந்த வருடம் 20 ஆட்டத்தில் 17. அதில் 11 ஆட்டம் டிரா. தோற்கவும் தெரியவில்லை, ஜெயிக்கவும் தெரியவில்லை. பந்து நடுக்களம் வரை அழகாக வரும், அதற்குமேல் யாருக்குக் கொடுப்பது என்று திகைக்கும். அந்த ஜோடி போய்விட்டதே. எட்டாவது இடம். அதற்கடுத்த இரண்டு வருடமும் வேறு வேறு கோச், அதே எட்டாவது இடம். ஒவ்வொரு கோச்சும் தன் ஆட்டத்தோடு வந்தார், முந்தைய கோச்சுக்காகச் சேர்த்த ஆட்களோடு ஆடினார்.

இது ஏழைகளின் நோய் என்று நினைக்க வேண்டாம். ரியல் மாட்ரிட்டுக்கே வந்தது. 2003-இல் டேவிட் பெக்காமை வாங்கினார்கள், அதே கோடையில் கிளாட் மாகெலேலேவைச் செல்சிக்கு விற்றார்கள். மாகெலேலே கோல் போடுகிற ஆளில்லை, போஸ்டரில் வருகிற ஆளுமில்லை. தற்காப்புக்கு முன்னால் நின்று பந்தைப் பறித்துப் பக்கத்தில் கொடுப்பார், அவ்வளவுதான். அவர் போன பிறகு ஜிதான், ரொனால்டோ, ஃபீகோ, பெக்காம் எல்லாம் இருந்தும் அந்த சீசனில் நாலாவது இடம். அடுத்த லீக் பட்டத்துக்கு 2007 வரை காத்திருந்தார்கள். அதே ஸ்பெயினில் அத்லெடிக் பில்பாவோ பாஸ்க் மண்ணின் பையன்களை மட்டுமே சேர்க்கிறது. உலகத்தில் எத்தனையோ நல்ல ஆட்கள் கிடைப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆடுகிறது. ரியல், பார்சா, இவர்கள் மூவர் மட்டுமே முதல் டிவிஷனிலிருந்து ஒரு முறைகூட இறங்காதவர்கள். அந்த வழக்கத்தை நாமும் பிடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அங்கே ஒரு பையன் பத்து வயதிலிருந்து ஒரே ஆட்டத்தை ஆடிப் பழகுகிறான், அதைப் பாருங்கள் என்கிறேன்.

இனி எனக்கு மனவருத்தம் தருகிற ஒரு விஷயம். கொஞ்சம் முன்னால் சில பெயர்கள் சொன்னேன்: ரொமாரியோ, சூசைராஜ், அஜித்குமார், எட்வின். இன்னொரு பெயரும் சேர்த்துக்கொள்ளுங்கள், நந்தகுமார் சேகர், 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக ஒற்றைக் கோல் போட்டு கொல்கத்தாவையே தூக்கியவர். இவர்கள் ஆடுகிற இடங்களைப் பாருங்கள். விங், சைடு பேக், மறுபடி விங். ஏறக்குறைய எல்லோரும் கோட்டோரத்தில். ஏன் நம் பையன்களில் ஸ்டாப்பர் இல்லை? சென்டர் ஃபார்வர்டு இல்லை?

கிளப்புகளின் ஆள் சேர்ப்புதான் காரணம் என்பது என் எண்ணம். ஐஎஸ்எல் தொடங்கியபோது மைதானத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். 2017-18-இல் அது ஐந்தாயிற்று, 2021-22-இல் நாலாயிற்று. எத்தனை ஆனாலும் கிளப் அவர்களை எங்கே வைக்கிறது? முதுகெலும்பில். ஸ்டாப்பர், நடுக்களம், ஃபார்வர்டு. காசு கொடுத்து வாங்கிய ஆளை ஓரத்திலா நிறுத்துவார்கள்? மீதி இருக்கிற ஓரம் நம் பையனுக்கு. ஆகவே பெரிய கிளப்பில் இடம் வேண்டும் என்கிற பையன் விங்கில் ஓடப் பழகுகிறான். அவனுக்குப் பயிற்சி கொடுக்கிறவரும் அங்கேயே நிறுத்துகிறார். சுனில் சேத்ரி 2024-இல் இந்திய அணியிலிருந்து ஓய்வு அறிவித்தார், 2025-இல் நாற்பது வயதில் அவரையே திரும்பக் கூப்பிட்டார்கள். ஒரு நாட்டுக்கு ஒன்பதாம் நம்பர் சட்டை போட ஆள் கிடைக்கவில்லை. கிளப்புகள் பத்து வருடமாகக் கொடுத்த ஆர்டருக்குத் தக்கபடி நாம் சரக்கு தயாரித்திருக்கிறோம்.

பழகிய ஜோடி பிரிவது என்றால் என்ன என்பதைக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிற தம்பிகள் என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வீர்கள். பீகார், ஒடிசா, நம் ஊர், மூன்று மொழி ஒரே லைனில். முதல் வாரம் சைகை, இரண்டாம் வாரம் அரைகுறை இந்தி, மூன்றாம் வாரம் அந்த ஒடிசாப் பையனே "அண்ணே, டீ" என்று கூப்பிடுவான். மொழி வந்துவிடும். லைன் ஓட ஆரம்பித்துவிடும். நாலாம் வாரம் கான்ட்ராக்ட் மாறி வேறு பேட்ச் வந்து நிற்கும். மறுபடி சைகை.

நம் ஊர் அணிக்கு வருகிறேன். போன முறை டோர்னமென்டில் நீங்கள் நாலு பேரை இறக்கினீர்கள் என்று கேள்விப்பட்டேன். சிரிக்காதீர்கள், நானும் செய்தவன்தான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். வெளி ஆளே கூடாது என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. சென்னை சிட்டியைத் தூக்கி நிறுத்தியதே வெளி ஆட்கள்தான். ஆனால் அவர்களை எந்த இடத்துக்கு எடுத்தார்கள், யாரோடு ஜோடி சேர்த்தார்கள், ஒரு சீசன் முழுக்கச் சேர்த்தே ஆடவிட்டார்கள் என்பதைப் பாருங்கள். ஃபைனலுக்கு முந்தின நாள் சாயங்காலம் போன் போட்டு வரவழைக்கவில்லை.

யாரை இறக்குவது என்று முடிவு செய்யும் முன் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளச் சொல்வார் எங்கள் ஐசிஎஃப் பெரியவர். இவன் வந்தால் யார் இடம் மாற வேண்டும்? மாறுகிறவனுக்குப் புதிய இடம் தெரியுமா? இவனுக்குப் பந்து கொடுக்கப்போகிறவன் யார்? மூன்றாவதற்குப் பெயர் சொல்லப் பதில் இல்லையென்றால், ஆளுக்குக் கொடுக்கிற ரயில் சார்ஜில் பையன்களுக்கு முட்டை வாங்கிக் கொடுக்கச் சொல்வார்.

இன்னொன்று. நம் அணிக்கு இப்போது ஸ்டாப்பர் இல்லை. இருந்தவர் ஒரகடம் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார். வெளியூரிலிருந்து இறக்கலாம் என்று பேச்சு நடப்பதாகத் தெரிகிறது. அதற்கு முன்னால் இந்தக் கூட்டத்தில் இருக்கிறவர்களிடம் கேட்டுவிடுகிறேன். பின்வரிசையில் உயரமாக இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், நான் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். தலையால் ஆடத் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் சொல்லிக்கொடுக்கலாம். வெள்ளைக் காலணி வேண்டாம், பிரேசில் பாஸ்போர்ட் வேண்டாம். ஆறு மாதம் இதே ஊரில் இருப்பீர்கள் என்றால் போதும். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏரிக்கரைக் கிரவுண்டுக்கு வாருங்கள். நானும் வருகிறேன்.